செங்கல் பொடியும் மஞ்சுளாவின் பல்லும்

போன ஞாயிற்றுக்கிழமை. காரிமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அண்ணன் சின்னசாமியின் வீடு. இன்னும் சரியாக விடியவில்லை. கொல்லைப்புறத்திலிருந்து ஒரு சத்தம்... சரக், சரக், சரக்.

இந்நேரத்தில் யார் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். பாத்திரம் இல்லை. பல்!

அண்ணன் மகள் மஞ்சுளா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கொட்டாங்கச்சி, அதில் சிவப்பாக ஏதோ பொடி. விரலால் தொட்டுத் தொட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு தேய்க்கிறாள். துப்பினால் எல்லாம் சிவப்பு. அதில் பொடி எது, ரத்தம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னடி இது?"

"செங்கல்லுப் பொடி அத்தை. அம்மா இடிச்சுக் குடுத்தாங்க."

அண்ணி அடுப்படியிலிருந்தே விளக்கம் சொன்னார். "நல்லா வெந்த கல்லாப் பாத்து எடுத்து, இடிச்சு, துணியில சலிச்சு வச்சேன் கண்ணு. சாம்பலு, உப்பு, அடுப்புக்கரி எல்லாம் பாத்தாச்சு. அந்தக் கறை எதுக்கும் மசிய மாட்டேங்குது."

கறை... அதைச் சொல்லியாக வேண்டும். மஞ்சுளாவுக்குப் பத்தொன்பது வயது. நல்ல களையான முகம். ஆனால் முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள், அங்கங்கே சுண்ணாம்பு தெறித்தது போலத் திட்டுகள். அதனால் ஸ்டூடியோ போட்டோவில் உதட்டை ஒட்டிக்கொண்டுதான் நிற்பாள். அவள் மட்டுமா? அந்தத் தெருவில் இளம்பெண்கள் எல்லோருமே போட்டோவில் அப்படித்தான் நிற்கிறார்கள்.

அந்தப் போட்டோவைச் சேலத்துக்கு வாங்கிப் போனவளே நான்தான். எங்கள் தெருவில் ஒரு குடும்பம். பையன் மில்லில் சூப்பர்வைசர். போட்டோ பிடித்துவிட்டது, நேரில் பார்க்கவும் வந்தார்கள். காபி கொடுத்தாள், விழுந்து கும்பிட்டாள், எல்லாம் நன்றாகவே போனது. பையனின் அம்மா பிரியமாக, "உம்பேரு என்ன கண்ணு?" என்று கேட்டார். மஞ்சுளா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பொண்ணு நல்ல லட்சணமுங்க. பல்லு வெளக்கற பழக்கந்தான் இல்ல போல. நல்லா வெளக்கச் சொல்லுங்க. பல்லு மட்டும் பளிச்சுன்னு ஆயிட்டா ஆவணியில பூ வச்சு நிச்சயம் பண்ணிக்கலாம்."

அதனால்தான் செங்கல் பொடி. ஆவணிக்குள் பல் வெளுத்தாக வேண்டும். வெளுக்காவிட்டால் வரன் போய்விடும். மஞ்சுளாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்ததா? கேட்டேன். தாவணித் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு வேடிக்கை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பல் பளிச்சென்றிருக்கும். எனக்கும்தான். எல்லாம் வேப்பங்குச்சியின் மகிமை என்று பீற்றிக்கொள்கிற தலைமுறை நாங்கள். தெருவில் இருக்கிற இளசுகள் அத்தனை பேர் பல்லிலும் கறை. காரணம் என்ன? அண்ணனிடம் ரெடியாக இருந்தது பதில்.

"சோம்பேறித்தனம்! டி.வி.யைப் பாத்துட்டு பேஸ்ட்டு வேணுங்குதுங்க, பிரஷ்ஷு வேணுங்குதுங்க. எங்களாட்டம் குச்சியை வச்சு அழுத்தி வெளக்கினா கறை நிக்குமா?"

தினமும் காலையில் மகளுக்கு இந்த அர்ச்சனை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே பாட்டுதான். பெற்றவர்கள் வெள்ளைப் பல்லைக் காட்டித் திட்டுவார்கள். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள்.

ஈறில் ரத்தத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் மஞ்சுளாவைத் தர்மபுரிக்குக் கூட்டிப் போனேன். "பல்லு வெளக்கறதுக்கு ஒரு டாக்டரா?" என்று முணுமுணுத்தபடி அண்ணனும் பஸ் ஏறினார்.

பல் டாக்டர் சின்ன வயதுக்காரர். பார்த்தார். எதை வைத்துத் தேய்க்கிறாய் என்று கேட்டார். சொன்னாள். மனிதர் பதறிப்போனார்.

"இன்னையோட நிறுத்தும்மா. மேல் பூச்சே தேஞ்சு போயிருக்கு. பச்சைத் தண்ணி பட்டாக் கூசுதா?"

தலையாட்டினாள். வீட்டில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை அவள்.

"எந்தத் தண்ணி குடிக்கறீங்க?" இது அண்ணனைப் பார்த்து.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடிபம்புத் தண்ணிங்க. வூட்டு முன்னாலயே இருக்குது. நான் பஞ்சாயத்து மெம்பரா இருந்தப்ப ஆபீசு ஆபீசா அலைஞ்சு போட வச்சது."

"எந்த வருசம்?"

"இவ பொறந்த வருசமுங்க."

டாக்டர் மஞ்சுளாவின் பற்களை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். பாறைக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீரில் ஃப்ளூரைடு என்று ஒன்று அதிகமாக இருக்கிறதாம். குழந்தைக்கு ஈறுக்குள் பல் உருவாகும்போதே அது உள்ளே இறங்கிவிடுமாம். "கறை பல்லு மேல இல்லீங்க, பல்லுக்குள்ள இருக்கு. தேய்ச்சா பல்லுதான் போகும், கறை போகாது."

"அப்ப எங்களுக்கு ஏனுங்க இல்ல?"

"சின்ன வயசுல நீங்க எந்தத் தண்ணி குடிச்சீங்க?"

"ஏரிக்கரைக் கெணறு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அந்த வருஷம் நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு அண்ணி ஏரிக்கரை வரை போய்க் குடம் தூக்கக் கூடாது என்றுதான் அண்ணன் அந்தப் பம்புக்கு அலைந்தார். முதல் குடத்தை அவரே அடித்தார். "எம்மவளுக்கு வூட்டு வாசல்லயே தண்ணி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பாசத்தில் எந்தக் குறையும் இல்லை.

டாக்டர் மஞ்சுளாவிடம் முறையாகப் பல் துலக்கச் சொல்லிக் கொடுத்தார். மிருதுவான பிரஷ், கொஞ்சமாகப் பேஸ்ட், அழுத்தாமல் மேலும் கீழுமாக, காலையிலும் படுக்கப் போகும்போதும், சாப்பிட்டால் வாய் கொப்பளிப்பு. கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு சொத்தை கிடையாது. இவ்வளவு சுத்தமா யாரும் பல்லை வச்சுக்கறதில்லம்மா."

மஞ்சுளா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"நான் தெனமும் ஒழுங்காத்தான் வெளக்கிட்டிருந்தேன், இல்லப்பா?"

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

ஊருக்குத் திரும்பினோம். பம்படியில் தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. அண்ணன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். என்ன செய்ய முடியும்? ஏரிக்கரைக் கிணறு தூர்ந்து எத்தனையோ காலமாகிறது. வேறு தண்ணீர் ஏது? அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் குடித்ததும் அதே தண்ணீரைத்தான்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. பழி நீங்கிவிட்டது அல்லவா? என் மருமகள் சோம்பேறி இல்லை, அழுக்கு இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார். சேலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கைப்பையோடு நேராகப் பையனின் வீட்டுக்குப் போனேன்.

ஒன்று விடாமல் சொன்னேன். பம்பு, பாறை, ஈறு, செங்கல் பொடி, எல்லாவற்றையும். அந்த அம்மா கெட்டவர் இல்லை. காபி கொடுத்தார். "ஐயோ, பாவமே!" என்று கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெளக்காம வந்த கறைன்னா, கல்யாணத்துக்கு அப்புறம் நானே பக்கத்துல நின்னு வெளக்க வச்சிருப்பேனுங்க. வெளக்கினாலும் போகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாருன்னா... நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னங்க சொல்லுவேன்? வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க."

காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வெறும் அழுக்காக இருந்திருந்தால், ஆவணியில் மஞ்சுளாவுக்குப் பூ வைத்திருப்பார்கள்!