பிரேக் அக்கா சாப்பிடப் போனார்

பரிமாறுபவர் தட்டோடு விறுவிறுவென்று வரும்போதெல்லாம் அக்காவின் வலது கால் தரையை அழுத்துகிறது. அவர் கடந்து போனதும் கால் தளர்கிறது. பக்கத்து மேசைக் குழந்தை நாற்காலியில் ஏறி நின்றபோது அழுத்திய அழுத்தில் எங்கள் மேசையே ஆடி, என் தண்ணீர் தளும்பிவிட்டது.

"மன்னிச்சுக்க தம்பி. கால் சும்மா இருக்க மாட்டேங்குது."

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அக்காவின் வேலை. பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அது காரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பேருந்தில், பல் டாக்டர் நாற்காலியில், கல்யாண வீட்டு சோபாவில், எங்கே உட்கார்ந்தாலும் அவர் காலுக்கு ஒரு பிரேக் முளைத்துவிடுகிறது. எங்கள் குடியிருப்பில் அவர் கீழ்வீடு, நான் மேல்வீடு. 'பிரேக் அக்கா' என்று பெயர் வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் மறுத்ததில்லை.

அவரிடம்தான் நானும் கற்றுக்கொண்டேன். ஸ்டியரிங்கில் ஒட்டும் வியர்வையைத் துடைக்க மடியில் ஒரு சிறு துண்டு வைத்திருப்பார். திட்ட மாட்டார். ஆனால் பாராட்டவும் மாட்டார். வண்டியை ஒழுங்காக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், "பரவாயில்ல. இன்னிக்கு யாரும் சாகல" என்பார். அதற்கு மேல் ஒரு சான்றிதழ் அவரிடம் யாரும் வாங்கியதில்லை. சாலையைக் கடக்கும்போது வண்டிகளைப் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பார். "வண்டி எங்க மோதுது? ஆளுதானே மோதுறான்."

வீட்டிலும் இதே கதைதான். அடுப்பு விளிம்பில் கரண்டி இருந்தால் விழும் என்பார். மகள் மாடிப்படி ஏறினால் பின்னாலேயே ஏறுவார். மகளுக்கு இப்போது எட்டாவது மாதம். அக்கா சரியாகத் தூங்குவதில்லை என்பது மேல்வீட்டில் இருக்கிற எனக்கே தெரிகிறது.

மாப்பிள்ளையும் அவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்தவர்தான். டிரைவிங் டெஸ்ட்டில் தேறவில்லை, மகளிடம் தேறிவிட்டார். இன்சூரன்ஸ் ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, சமையல்காரராகப் போகிறேன் என்று வந்து நின்றார். அக்கா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகளிடம், அவர் காதில் விழும்படி, "உருப்பட்ட மாதிரிதான்" என்றார். அதிலிருந்து மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு மகள் வழியாகத்தான். அவரைச் சாப்பிடச் சொல்லு, அவரைக் குடை எடுத்துக்கச் சொல்லு, இப்படி.

மாப்பிள்ளைக்கு வேலை கொடுத்தது நாங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த ஓட்டல். ஊரே இதைப் பற்றித்தான் பேசுகிறது. இடம் கிடைக்க முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். சொந்தமாக ஒரு பதார்த்தம் செய்து இந்த ஞாயிறு மதியம் மேசைக்கு அனுப்ப வேண்டும். அது எடுபட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் திங்கள் முதல் வர வேண்டாம். இதை மகள் சொல்லிவிட்டு ஒரு வால் சேர்த்தாளாம்: "அந்த முதலாளியம்மா யார்கிட்டயும் கருத்து கேக்க மாட்டாங்களாம்மா. திரும்பி வர்ற தட்டை மட்டும் பாப்பாங்களாம்."

அதைக் கேட்டபிறகு அக்காவால் வீட்டில் இருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் இடம் பிடித்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதுகு சாய முடியாத நாற்காலி. பூச்சு இல்லாத சுவர். கட்டி முடிக்கப் பணம் போதவில்லையோ என்று நினைத்தால், அதுதான் அழகாம். உணவுப் பட்டியல் அட்டையில் மாப்பிள்ளையின் பதார்த்தத்தைக் கண்டுபிடித்தோம். 'சாம்பலில் உறங்கிய முட்டைக்கோஸ்.' விலையைப் பார்த்ததும் அக்காவின் கால் ஒரு அழுத்து அழுத்தியது. அந்த விலைக்கு ஒரு மூட்டை முட்டைக்கோஸை உறங்க வைக்கலாம்.

"உறங்குச்சுன்னா ஆறிப்போயிருக்குமே தம்பி" என்றார் கவலையோடு.

ஆறித்தான் போயிருந்தது. வண்டிச் சக்கரம் அளவுக்கு ஆளுக்கொரு தட்டு. நடுவில் கால்வாசி முட்டைக்கோஸ், மேலே கன்னங்கரேலென்று கருகி. சுற்றி நாலைந்து சொட்டு வெள்ளைக் குழம்பு. நான் கத்தியை வைத்ததும் அது வழுக்கி ஓடியது. வெளியே கரி, உள்ளே பச்சை. மென்றுகொண்டே இருந்தேன். அது முட்டைக்கோஸாகவே இருந்தது.

"எப்படிக்கா?"

"பேசாம மெல்லு."

சமையலறைச் சுவரில் அகலமான ஜன்னல். அதற்குள் மாப்பிள்ளையின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அது இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அக்கா அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். "என்னைப் பாத்தா அவருக்குக் கை நடுங்கும். ஸ்டியரிங்லயே நடுங்கும், கத்தி வேற வெச்சிருக்காரு."

ஜன்னலுக்குப் பக்கத்தில் முதலாளியம்மா நின்றிருந்தார். ஒல்லியானவர், கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் போகிற ஒவ்வொரு தட்டும் அவர் முன்னால் ஒரு நொடி நின்றது. பாதி தின்ற முட்டைக்கோஸ். ஓரம் மட்டும் பிய்த்த முட்டைக்கோஸ். போட்டோ எடுத்ததோடு சரி, தொடவே தொடாத முட்டைக்கோஸ். அவர் ஜன்னல் பக்கம் ஏதோ சொன்னார். வெள்ளைத் தொப்பி தலையாட்டியது. அடுத்த தட்டு, அடுத்த தலையாட்டல். ஒரு மனிதன் அத்தனை பேர் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியுமா?

அக்கா சாப்பிட்டார். கண்ணில் நீர் முட்ட, தண்ணீர் குடித்துக் குடித்துக் கரியையும் பச்சையையும் உள்ளே தள்ளினார்.

"நான்தான் தம்பி வாயை வெச்சுட்டேன். உருப்பட்ட மாதிரிதான்னு. என் வாய் பலிச்சிருமோன்னு பயமா இருக்கு." இன்னொரு துண்டை விழுங்கினார். "ஆபீசுக்குப் போன நாள்ல அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இப்ப கையில சூடு பட்டுக்கிட்டு வந்து சிரிக்கிறாரு. பொண்ணுகிட்ட கதை கதையா சொல்றாரு. மறுபடியும் அங்க போயி உக்காரச் சொன்னா அந்த மனுசன் செத்துப்போயிருவாரு."

மாப்பிள்ளையைப் பற்றி அவர் இவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான். நான் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டிருந்தேன். அக்கா தட்டை மாற்றிக்கொண்டார். காலித் தட்டு என் முன்னால், என் முட்டைக்கோஸ் அவர் முன்னால்.

"போதும்க்கா, உடம்புக்கு ஆகாது."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ அந்தம்மா மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

எங்கள் இரண்டு தட்டுகளும் வழித்துத் துடைத்த மாதிரி போயின. முதலாளியம்மா அவற்றைப் பார்த்தார். முதல் தடவையாகக் கட்டியிருந்த கைகளை எடுத்துவிட்டு, எந்த மேசை என்று பரிமாறுபவரைக் கேட்பது போலத் திரும்பினார். ஜன்னலில் தொப்பி நிமிர்ந்தது. அக்கா அட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக் குடும்பம் எழுந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சலித்துக்கொண்டே வெளியேறினார்கள். மேசையில் ஒரு முட்டைக்கோஸ் இருந்தது. குழந்தை கடித்துத் துப்பிய துண்டும் அதன் ஓரத்திலேயே கிடந்தது. பரிமாறுபவர் அதை எடுக்கத்தான் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

அக்காவுக்கு எச்சில் என்றால் ஆகாது. சொந்த மகள் கடித்த ஆப்பிளைக்கூட வாயில் வைத்ததில்லை. அவர் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.