லவீனாவின் முதல் முகம்

கம்பளி பின்னுவதற்காகவே சிசிலியா கிழமையில் மூன்று நாள் குருநகரிலிருந்து கோப்பாய்க்குப் பஸ்ஸில் போய்வந்தாள். வீட்டிலிருந்தே பின்னலாம்தான். ஆனால் அவளுடைய தகப்பன் நீக்கிலாப்பிள்ளை கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு முற்றத்தில் மீன் காயவைத்துக் கருவாடு விற்றுவந்தார். மொஹேர் என்கிற அந்த நூல் ஒருவகை ஆட்டு மயிரில் திரிப்பது. வாயில் வைத்தால் கரைகிற தும்புமுட்டாசு போல மெல்லியது. பிடித்த மணத்தை லேசில் விடாது. முதன்முதல் அவள் பின்னிக் கொடுத்த போர்வையை மூன்று தரம் கழுவியும் கருவாட்டு மணம் போகவில்லை என்று அனுஜா திருப்பிக் கொண்டுவந்து தந்தாள். அன்றிலிருந்து நூலும் ஊசிகளும் கோப்பாயில், தங்கை ஜெசிதாவின் வீட்டு அலுமாரியில் இருந்தன.

அனுஜா பச்சைக் குழந்தைகளைப் படம் எடுப்பவள். முன்பு கணவனோடு கலியாண வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். பிறந்து முப்பத்தொரு நாள் கழியாமல் குழந்தையை வெளியில் கொண்டுபோக எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். ஆகவே அவளே விளக்கும் மெத்தையும் துணிகளுமாக வீடு வீடாகப் போவாள். பிறந்து இரண்டு கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. அதுவரைக்கும்தான் குழந்தை வயிற்றுக்குள் கிடந்த மாதிரியே சுருண்டு, எப்படிக் கிடத்தினாலும் தூங்கும். அதற்குப் பிறகு காலை நீட்டி உதைக்கப் பழகிவிடும். சுற்றிய துணிக்குள் நிற்காது.

கோயில் விற்பனை ஒன்றில் சிசிலியா பின்னிய குழந்தைத் தொப்பிகளைக் கண்டு அனுஜா அவளைத் தேடி வந்தாள். நூல் கனடாவிலிருந்து அனுஜாவின் தமக்கை அனுப்புவது. அதில் சிசிலியா பின்னுவது நீளமான, கைக்குட்டை போலப் பாரமில்லாத, நடுவில் ஊடு தெரிகிற போர்வை. அதைத்தான் குழந்தையைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, முகமும் விரல்களும் மட்டும் வெளியே தெரியப் படம் எடுப்பாள். யாழ்ப்பாணத்து வெக்கையில் மொஹேர் பின்னுவது சும்மா வேலையல்ல. வியர்த்தால் நூல் விரலில் ஒட்டும். ஒரு கண்ணி பிழைத்தால் பிரிக்கவும் இயலாது. மயிர்கள் ஒன்றோடொன்று கொழுவிக்கொள்ளும். சிசிலியா நாலு வரிக்கு ஒருமுறை எழும்பிப் போய்க் கை கழுவித் துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து இருப்பாள். ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. தான் செய்த ஒன்றை இத்தனை பேர் பார்த்து வடிவென்று சொன்னது அவளுடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தாய் செத்தபோது சிசிலியாவுக்குப் பதினேழு வயது, ஜெசிதாவுக்கு ஆறு. ஜெசிதாவைக் குளிப்பாட்டி, தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு வளர்த்தவள் சிசிலியாதான். போகிற இடமெல்லாம், தாயில்லாப் பிள்ளை, பாவம், என்று சனம் உச்சுக்கொட்டும். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றும். அதனாலேயே தங்கையைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது சட்டையில் ஒரு மடிப்புக் கசங்கவிடமாட்டாள். தனக்கென்று வந்த இரண்டு கலியாணப் பேச்சையும் தட்டிக் கழித்துவிட்டு, ஜெசிதாவை ஓட்டோ ஓடுகிற சிமியோனுக்குக் கட்டிக்கொடுத்தாள். சிமியோன் நல்லவன். கோப்பாயில் வாடகை வீடு எடுத்துத் தங்கையை நன்றாக வைத்திருந்தான்.

ஜெசிதா வயிற்றில் பிள்ளையோடு இருந்த மாதங்கள்தான் இரண்டு பேருக்கும் நல்ல காலம். ஜெசிதா கதிரையில் சாய்ந்து இரண்டு கையையும் நீட்டி வளையமாகக் கிடக்கும் நூல் கழியைப் பிடித்திருப்பாள். சிசிலியா எதிரே இருந்து உருண்டையாகச் சுற்றுவாள். ஒருநாள் வந்த பார்சலில் பனங்குருத்து நிறத்தில் நூல் இருந்தது. மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஜெசிதா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது தன்னுடைய பிள்ளைக்கு என்றாள்.

“ஓமடி. இது ஒருத்தருக்கும் இல்லை. உன்ரை பிள்ளைக்குத்தான் முதல்” என்றாள் சிசிலியா.

அனுஜாவுக்கும் சொல்லி வைத்தார்கள். பிள்ளை பிறந்து பதினோராம் நாள் எடுப்பதென்று பேச்சு. பிள்ளை பிறக்க ஒரு கிழமை இருக்கும்போதே போர்வை முடிந்துவிட்டது.

லவீனா பிறந்தாள். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

ஆசுப்பத்திரியில் டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இது எத்தனையோ பிள்ளைகளுக்கு வருகிறது, தாயின் பிழை ஒன்றுமில்லை, நாலு மாதமளவில் சத்திரசிகிச்சை செய்தால் சரியாகிவிடும், அதுவரை பால் கொடுப்பதில்தான் கவனம் வேண்டும் என்றார். ஜெசிதா முதல்நாள் முழுக்க அழுதாள். இரண்டாம் நாள் தாதி சொல்லிக்கொடுத்தபடி பிள்ளையை நிமிர்த்தி வைத்துக் கரண்டியால் பால் பருக்கப் பழகினாள். மூன்றாம் நாள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

சிசிலியாவால் அப்படி இயலவில்லை. பக்கத்துக் கட்டில் மனுசி, கிரகணத்திலே வெளியில் போனாளோ என்று கேட்டபோது அவளோடு சண்டைக்குப் போனாள். ஆனால் வார்ட்டுக்கு யாராவது வந்தால் தான் எழும்பிக் கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொள்வாள். பிள்ளையின் நெற்றியைத் தடவினாள். விரல்களை எண்ணினாள். வாயை மட்டும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று ஜெசிதா, படம் எடுக்கிற நாளை அனுஜாவுக்கு நினைப்பூட்டச் சொன்னாள். சிசிலியா திடுக்கிட்டாள். படம் எடுப்பதைத் தங்கை மறந்திருப்பாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அனுஜா எடுக்கிற படங்கள் பேஸ்புக்கில் போகும். நூற்றுக்கணக்கான சனம் பார்க்கும். பாவம் என்று எழுதும். அந்த ஒரு சொல்லை நினைக்கவே அவளுக்கு ஏலாமல் இருந்தது. ஒப்பரேசன் முடிய எடுத்தால் வடிவாயிருக்குமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ஜெசிதா கேட்கவில்லை. அப்போது பிள்ளை வளர்ந்துவிடும், இப்படிச் சுருண்டு கிடக்காது என்றாள்.

பிறகு சிசிலியா இரண்டு பொய் சொன்னாள். தங்கையிடம், அனுஜாவுக்கு இந்தக் கிழமை முழுக்க நெல்லியடிப் பக்கம் வேலை, நேரமில்லையாம் என்றாள். அனுஜாவிடம், முப்பத்தொன்றுக்கு முதல் எடுக்க மாப்பிள்ளை வீட்டாருக்கு விருப்பமில்லையாம், நாவூறு அது இதென்று பயப்படுகிறார்கள் என்றாள். அனுஜா இப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்தவள். சரியக்கா என்று விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் ஜெசிதா திரும்பவும் கேட்டாள்.

“அக்கா, அனுஜா அக்காட்டை வடிவாச் சொன்னனியோ? ஒரு மணித்தியாலம் வந்தாலும் காணுமெண்டு சொல்லன்.”

“சொன்னனான். அவவுக்கு ஏலாதாம்” என்றாள் சிசிலியா. சொல்லும்போது கையிலிருந்த ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினான்கு நாளும் கழிந்தது. சிசிலியாவுக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து அனுஜா, நெல்லியடியில் ஒரு பிள்ளைக்கு இளமஞ்சளில் போர்வை ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். அந்த வீட்டுச் சுவர் நிறத்துக்கு அதுதான் பொருந்துமாம். பனங்குருத்துப் போர்வை அலுமாரியில் மடித்தபடி இருந்தது. இனி அது லவீனாவுக்குச் சின்னன், பெரிய பிள்ளைக்குப் பெரிதாக வேறொன்று பின்னலாம் என்று சிசிலியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜெசிதா உள்ளே பால் பருக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போர்வையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டாள்.

பத்து நாளில் படம் பேஸ்புக்கில் வந்தது. கொழுகொழுவென்று ஒரு ஆண் குழந்தை, பனங்குருத்துப் போர்வைக்குள் கன்னத்தில் கை வைத்துத் தூங்கியது. ஜெசிதா அதைத் தன் போனில் கண்டாள். அலுமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு அனுஜாவுக்கு நேரே போன் எடுத்தாள்.

அன்று பின்னேரமே அனுஜா மெத்தையையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே, இப்படியான பிள்ளைகள் இரண்டு பேரைத் தான் எடுத்திருக்கிறாளே என்று அவள் அழாத குறை. ஆனால் லவீனாவுக்கு இருபத்தைந்து நாளாகிவிட்டது. சுற்றக் கிடத்தினால் உதைத்தாள், கத்தினாள், கத்தியதில் பால் மூக்கால் வந்து மூச்சுத் திணறினாள். ஒன்றரை மணித்தியாலம் பார்த்துவிட்டு ஜெசிதாவே போதும் என்றாள். கடைசியில் தாயின் தோளில் கிடந்தபடி நாலைந்து படம் எடுத்தார்களாம். சிசிலியா அங்கே இல்லை. இதெல்லாம் பிறகு சிமியோன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் அவள் வழக்கம்போலக் கோப்பாய்க்குப் போனபோது நூல் உருண்டைகளும் ஊசிகளும் ஒரு பையில் கட்டி வாசல் கதிரையில் இருந்தன. ஜெசிதா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். சிசிலியா எதையோ சொல்லத் தொடங்கினாள். உன்னைச் சனம் கதைக்கக்கூடாதென்றுதான், பிள்ளையைப் பார்த்து ஒருத்தரும் பாவம் என்று சொல்லக்கூடாதென்றுதான் என்று. ஜெசிதா முழுவதையும் கேட்டாள்.

“சனத்தை விடு. எனக்கு இவளைப் பாக்க வெக்கமில்லை அக்கா. உனக்குத்தான் வெக்கம்” என்றாள்.

அவள் கத்தியிருந்தால் சிசிலியாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவள் கத்தவில்லை. சிசிலியா பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று மாதம் இரண்டு பேரும் கதைக்கவில்லை. அனுஜா தன் வீட்டு விறாந்தையில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தாள். சிசிலியா அங்கே இருந்து பின்னினாள். அனுஜாவிடம் இரண்டு பொய்யையும் ஒத்துக்கொண்டாள். அனுஜா கோபிக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. ஒருநாள் வேலை முடிந்து போகும்போது மட்டும், என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அக்கா என்றாள்.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் சிமியோன் ஓட்டோவோடு குருநகருக்கு வந்தான். ஜெசிதா அக்காவைக் கூட்டிவரச் சொன்னாள் என்றான். சிசிலியா உடுத்திருந்த உடுப்போடேயே ஏறினாள்.

தியேட்டருக்குள் கொண்டுபோகுமுன் ஜெசிதா பிள்ளையின் பிளந்த உதட்டில் கொஞ்சினாள். நெடுநேரம் முகத்தையே பார்த்தாள். தாதி இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் கொடுத்தாள். இரண்டு மணித்தியாலம் கழித்துப் பிள்ளை வந்தது. உதடு பொருந்தியிருந்தது. மெல்லிய தையல், கொஞ்சம் வீக்கம். டொக்டர் நன்றாகச் செய்திருந்தார். சிசிலியா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெசிதா கண்ணீர் ஓட நின்றாள்.

“வடிவா வந்திருக்கடி. ஏன் அழுறாய்?”

“வடிவுதான்” என்றாள் ஜெசிதா. “முந்தியவளைக் காணேல்லை அக்கா.”

அந்த முந்தியவளைச் சிசிலியா நினைத்துப் பார்த்தாள். ஈரத்தலை வந்தது. சின்ன நெற்றி, காது மடல், பத்து விரல்கள் வந்தன. மூக்குக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. ஆட்கள் வரும்போதெல்லாம் பிள்ளையைப் போர்த்திய துவாயை அதுவரை இழுத்துவிட்டவள் அவள்தான். நாலு மாதம் உலகத்தில் இருந்துவிட்டுப் போன ஒரு முகத்தை, தூக்கிவைத்திருந்தும் அவள் பார்க்காமலே விட்டிருந்தாள்.

இப்போது லவீனாவுக்கு மூன்று வயது. மேலுதட்டில் நூல் போல ஒரு கோடு, அவ்வளவுதான். வாய் ஓயாது. சிசிலியாவைப் பெரியம்மா பெரியம்மா என்று சேலையில் தொங்குவாள். ஜெசிதாவும் பழையபடிதான். நத்தாருக்கு வந்து நிற்பாள், தகப்பனுக்குச் சோறு குழைத்துக் கொடுப்பாள், சிசிலியாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வருவாள். கோப்பாய் வீட்டில் இருந்து பின்னச் சொல்லியும் கேட்டாள். சிசிலியாதான் மாட்டேன் என்றாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் தனிய இருந்தார்கள். சிசிலியா நெடுநாளாக மனத்துக்குள் வைத்திருந்ததைக் கேட்டாள்.

“அண்டைக்கு அனுஜா உன்ரை தோளிலை வச்சு எடுத்த படம் இருக்கெல்லோ. ஒருக்காக் காட்டுறியே?”

ஜெசிதா மேசையில் கிடந்த சோற்றுப் பருக்கைகளை விரலால் ஒன்றுசேர்த்தாள்.

“இருக்குது. வேறை என்னெண்டாலும் கேள் அக்கா, தாறன். அது மட்டும் வேண்டாம்.”

சிசிலியா ஓம் என்றாள்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சுவாமியிடம் சொல்லி, அவர் சொன்ன செபங்களையும் எப்போதோ சொல்லி முடித்துவிட்டாள். தங்கையும் மன்னித்துவிட்டாள், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. மன்னிப்பதும் அந்தப் படத்தைக் காட்டுவதும் ஒன்றல்ல என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அச்சுவேலியில் ஒரு வீட்டுக்கு இரட்டைப் பிள்ளைகளாம், ஒரே நிறத்தில் இரண்டு போர்வை வேண்டுமாம் என்று அனுஜா சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை காலமை சிசிலியா அனுஜா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.