எட்டுக் கிலோமீட்டர் உரிமை

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் உரிமையைத் தருவதாகச் சொன்ன கம்பெனியின் ஒப்பந்தம் பன்னிரண்டு பக்கம். நான் பாறசாலையில் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். பன்னிரண்டையும் இரண்டு முறை படித்தேன். எனக்குப் பிடித்த வரி ஐந்தாம் பக்கத்தில் இருந்தது: மாநிலத்துக்குள், என் சென்டரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் வரை, வேறு யாருக்கும் உரிமை கொடுக்க மாட்டார்கள். அதை நம்பித்தான் வேலையை விட முடிவு செய்தேன். திங்கட்கிழமை கொடுப்பதற்கு ராஜினாமாக் கடிதம்கூடக் கைப்பையில் தயாராக இருந்தது.

என் வீட்டுக்காரர் சந்தேகப் பேர்வழி. கையெழுத்துக்கு முன் எங்கேயாவது விசாரி என்று நச்சரித்தார். நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறி, தாலுகா ஆபீசில் கேட்டேன். இந்த மாதிரிக் கம்பெனிகள் தங்கள் விவரங்களை அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்திருக்குமா? முன்பு சென்டர் எடுத்தவர்கள் யார், எத்தனை பேர் மூடிவிட்டுப் போனார்கள்? கிளார்க் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்படி ஒரு ரிஜிஸ்டர் கெடையாது டீச்சரே. ஏமாந்த பெறவு போறதுக்கு கோர்ட்டு உண்டு. முன்னாடியே வாறவங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல."

எரிச்சலோடு வீடு திரும்பினேன். அக்கம்பக்கத்தில் கேட்கவும் வழியில்லை. கையெழுத்தாகும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, போட்டிக்கு ஆள் வந்துவிடும் என்று கம்பெனி ஆள் சொல்லியிருந்தார்.

சர்ச் பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நிற்கிற சிநேகிதி களியக்காவிளையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். களியக்காவிளை தமிழ்நாடு, பாறசாலையும் எங்கள் சர்ச்சும் கேரளம். சர்ச்சிலிருந்து நடந்தால் கால்மணி நேரம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"மக்கா, ஆருகிட்டயும் சொல்லப்பிடாது. நான் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கப்போறேன். எட்டுக் கிலோமீட்டருக்கு நான் மட்டுமாக்கும்."

கம்பெனி பெயரைக் கேட்டேன். அதே கம்பெனி, அதே ஐந்தாம் பக்கம். மீன் வாங்கவும் ஜாக்கெட் தைக்கவும் தினம் எல்லையைத் தாண்டுகிறவள் நான். ஒப்பந்தத்தில் "மாநிலத்துக்குள்" என்று படித்தபோது அந்த எல்லை நினைவுக்கே வரவில்லை. வெட்கமாக இருந்தது. என் ஒப்பந்தத்தைப் பற்றியும் அவளிடம் சொன்னேன்.

கடிதத்தை மறுநாள் கொடுக்கவில்லை. அன்று மாலை கம்பெனி ஆள் கையெழுத்து வாங்க வந்தபோது எங்கள் வீட்டில் நானும் சிநேகிதியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். அவர் முகம் கொஞ்சமும் வாடவில்லை. இரண்டு மாநிலம், இரண்டு ஆபீஸ், தப்பு ஒன்றுமில்லை என்றார். எல்லைக்கு அந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொன்னேன். முடியாது என்றார். தகராறு வந்தால் புகாரை எங்கே கொடுப்பது என்று அவள் கேட்டாள். பதினொன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: பம்பாய்க் கோர்ட்டில் மட்டும்.

"நான் நாகர்கோவிலுக்குப் போனாலே பூத்தப் பாக்க ஆளில்ல," என்றாள் அவள்.

கையெழுத்தில்லாத காகிதங்களோடு அவர் கிளம்பினார். என் வீட்டுக்காரர் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். அந்த மனுஷனை எனக்கு அன்று ரொம்பப் பிடித்தது.

சில மாதம் கழித்து நானும் அவளும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, பூத்தின் பின்னறையில் வைத்தோம். சனிக்கிழமைகளில் வகுப்பு. முதல் நாள் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

"டீச்சர், தொட்டா கெட்டுப்போவுமா?" என்றுதான் கேட்டார்கள்.