வாயை மூடிக்கொண்டு கேட்ட கச்சேரி: குபெர்டினோவிலிருந்து சாண்டா குரூஸ்

ஒரு ஜப்பானிய ஜாஸ் ஃப்யூஷன் குழு சாண்டா குரூஸில் வாசிக்கப்போகிறது, கச்சேரியை அப்படியே பதிவு செய்து ஆல்பமாக வெளியிடப்போகிறது என்று என் கணவர் ரகு சொன்னபோது, நான் முதலில் நினைத்தது இசையைப் பற்றி அல்ல. அங்கே போகும் மலைப்பாதையான பதினேழாம் எண் நெடுஞ்சாலையைப் பற்றி. அவருக்கு இதய வால்வு மாற்றி அப்போது ஐந்து மாதம். கார் ஓட்டலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். நான் கொடுக்கவில்லை.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்த காலத்தில், ஹாஸ்டல் சீனியர் ஒருவர் காப்பி எடுத்துக் கொடுத்த கேசட்டில்தான் ரகு இந்தக் குழுவை முதலில் கேட்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்த வாரங்களிலும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு மதியம் மூன்று மணிக் காட்சிக்கு ஆளுக்கு நாற்பத்தைந்து டாலர் டிக்கெட் எடுத்தோம்.

அவருக்குள் இருப்பது செயற்கை வால்வு. அது டிக் டிக் என்று சத்தம் போடும். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். அவர் வாயைத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் நான் தூங்கப் பழகியிருந்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு சாப்பிடுகிறார். சின்ன விபத்து என்றாலும் ரத்தம் நிற்காதே என்ற பயம் அதோடு சேர்ந்து வந்தது.

எங்கள் வீட்டிலிருந்து முப்பது மைல். மலைப்பாதை லாஸ் கேட்டோஸ் தாண்டியதும் தொடங்கிவிடும். லெக்சிங்டன் நீர்த்தேக்கம் வரை மூச்சுவிட முடிந்தது. அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு. இடது கதவை உரசுவது போல கான்கிரீட் தடுப்பு, வலது பக்கம் செம்மரங்கள், நடுவில் நாங்கள். கார் நின்றுபோனால் ஒதுங்க இடமில்லாத பகுதிகளும் உண்டு. பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டே வந்தது.

“வித்யா, ஸ்டீயரிங்க பிடி. கழுத்த நெரிக்காத.”

“பேசாம வாங்க. எனக்கு ரோடு பாக்கணும்.”

“கண்ணால பாரு. காத எனக்குக் குடு.” அவர் நிறுத்தவில்லை. “அந்தக் கேசட்ல கூட்டத்துலேர்ந்து ஒரு ஆள் கத்துவான், ஞாபகம் இருக்கா? கிட்டார் முடிஞ்ச உடனே, ஜப்பானிய மொழியில என்னமோ. முப்பது வருஷமா அவன் குரல எனக்குத் தெரியும். இப்ப உயிரோட இருக்கானோ இல்லையோ.”

“இந்த ரோட்டுல இந்தப் பேச்சு தேவையா?”

சிரித்தார்.

கச்சேரி நடந்தது நூற்றைம்பது பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன அரங்கத்தில். எங்கள் இருக்கை இரண்டாவது வரிசையில். நிமிர்ந்து பார்த்தால், கைதட்டலைப் பிடிப்பதற்காக ஒரு மைக் எங்கள் தலைக்கு மேலேயே தொங்குகிறது! போனை அணைக்கும்படியும் மிட்டாய்த் தாளைப் பிரிக்காமலிருக்கும்படியும் அறிவித்தார்கள். ஒலிப்பதிவு செய்யும் ஜப்பானியப் பெண் அந்தப் பக்கம் வந்தபோது எழுந்து நின்று, இவரிடமிருந்து டிக் டிக் என்று சத்தம் வரும் என்று சொல்லிவிட்டேன்.

“மானத்த வாங்காத, உக்காரு,” என்றார் ரகு பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தப் பெண் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டு, கழற்றித் தரும்படி கையை நீட்டினார். ரகு சட்டைப் பொத்தானைத் தொட்டுக்காட்டி வாயை ஆவென்று திறந்தார். டிக், டிக். அந்தப் பெண்ணின் முகம் மாறி, உடனே சிரிப்பும் வந்தது. அரங்கம் நிறைந்துவிட்டது, மாற்றி உட்கார வைக்க இடமில்லை. வாயை மூடியே வைத்திருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். வாசிக்க ஆரம்பித்ததும் வயது தெரியவில்லை. ரகு உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் போல, தொடையில் விரல் விட்டுத் தாளம் போட்டார். ஐந்தாவது பாட்டு ஏழு எண்ணிக்கை, நம் மிஸ்ர சாபு மாதிரி. பாதியில் டிரம்ஸ் நின்றது, கீபோர்டு நின்றது. பாஸ் கிட்டார் மட்டும், மிக மெல்ல.

அவ்வளவு அமைதியில் அந்த டிக் டிக் மேலே இருக்கும் மைக்கில் விழுந்துவிடுமே என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

கேட்கவில்லை.

இன்னும் குனிந்து கேட்டேன். இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் கண்கள் மூடியிருந்தன. தொடையில் விரல்கள் அசையவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன், கை சில்லென்று இருந்தது. என் விரல்கள் நடுங்கியதில் நாடி எது, நடுக்கம் எது என்று தெரியவில்லை. வாய் மூடியிருப்பதால்தான் சத்தம் வரவில்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. வாசல் எவ்வளவு தூரம், அந்த மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் எப்படித் திரும்பும் என்றெல்லாம் மனம் ஓடியது. அவர் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன்.

பாஸ் கிட்டார் சுற்றிச் சுற்றி வந்து தாளத்தின் முதல் தட்டில், சமத்தில், இறங்கியது. ஐந்து பேரும் ஒரே அடியாகச் சேர்ந்து, சட்டென்று நிறுத்தினார்கள். அந்த வெற்றிடத்தில்,

“பலே!”

அரங்கம் முழுக்கக் கேட்டது. டிரம்மர் குச்சியை எங்கள் பக்கம் நீட்டிச் சிரித்துவிட்டு மீண்டும் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழ வேண்டியிருந்தது.

இடைவேளையில் பொங்கிவிட்டேன். “இது என்ன மயிலாப்பூர் சபாவா? கேன்டீன் எங்கன்னு கேக்கறதுதான் பாக்கி. வாய மூடச் சொன்னாங்கல்ல?”

“மூடிட்டுத்தான் இருந்தேன். சமத்துல வந்து எறங்கினாரு பாரு, என்னை அறியாம வந்துருச்சு.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஏன், என்ன ஆச்சு உனக்கு?”

“ஒண்ணுமில்ல. நல்லா வாசிச்சாங்க.”

ஒலிப்பதிவுப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டார். மாலையில் இன்னொரு காட்சி இருக்கிறது, இரண்டில் நன்றாக வந்ததை எடுத்துக்கொள்வோம் என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பதினேழில் ஓட்ட பயமிருந்தால் சான் ஹோசே ரயில் நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது. திரும்பி வரும்போது, அதிலேயே வந்திருக்கலாமே என்று வழி முழுக்க நினைத்தேன். பதிவு செய்யும் கச்சேரி என்றால் பின்வரிசையில் இடம் பிடியுங்கள். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் அவசியம். என் பயம் குறைந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். இப்போதும் வளைவு வந்தால் இரண்டு கையாலும்தான் பிடிக்கிறேன். அவர் வாயை மூடித் தூங்கினால் எழுப்பிவிடுகிறேன், திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஆல்பம் போன மாதம் வந்தது. எங்கள் காட்சியைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது பாட்டில் அந்த இடத்தை வெட்டவில்லை. டிக் டிக் கேட்கிறதா என்று ஹெட்ஃபோனில் பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. ‘பலே’ மட்டும் இருக்கிறது. எந்த ஊரிலோ, எத்தனையோ வருஷம் கழித்தோ, அதைக் கேட்டு யாராவது யோசிக்கக்கூடும். அவர்களுக்கு இன்றைய தேதிக்குச் சொல்லிவைக்கிறேன்: அந்த ஆள் உயிரோடு இருக்கிறார். அடுத்த அறையில், காபி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.