கொட்டாங்குச்சிப் பெத்லகேம்

எங்கள் நைனாவுக்குச் சரித்திரம் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தது போக, மிச்சத்தை வீட்டில் எங்கள் தலையில் கொட்டுவார்.

எழுபதுகளில் நாங்கள் திருத்தணியில் குடியிருந்தோம். அப்போதுதான் என் சித்தப்பா, பொதட்டூர்பேட்டை நெசவுக்கார வீட்டுப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டார். அவள் ஞானஸ்நானம் வாங்கினால்தான் கல்யாணம் என்று நைனா ஒற்றைக்காலில் நின்றார். புதுப் பெயரையும் அவரே வைத்தார். பழைய பெயரை இனி வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று உத்தரவு வேறு. அப்படியும் அவர் மனசு ஆறவில்லை. சித்தி எதிரிலேயே நிற்பாள். "காபி கொண்டாரச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். நான் திரும்பி அதையே அவளிடம் சொல்வேன். பெரிய உத்தியோகம் பார்ப்பதாக எனக்கு நினைப்பு.

கிறிஸ்துமஸ் வந்தது. குடிலை நானே வைக்கிறேன் என்றாள் சித்தி. அதிலாவது நைனா தன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்ற ஏக்கம் பாவம் அவளுக்கு. சர்ச் காலண்டரில் 'பெத்லகேம்' என்று போட்டிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். மணலைக் குன்றாகக் குவித்துக் கடுகு முளைக்க வைத்தாள். அதன்மேல் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்துச் சுண்ணாம்பு அடித்தாள். உருண்டைக் கூரைகள் வந்துவிட்டன. பக்கத்தில் ஒல்லிக் கோபுரங்களாக நின்றவை, அவள் அம்மா வீட்டுத் தறியிலிருந்து கொண்டுவந்த, நூல் சுற்றும் தார்க்குச்சிகள். அடிவாரத்து மாட்டுக்கொட்டிலில் குழந்தை இயேசு. அவ்வளவு அழகு!

நைனா வந்து குனிந்து பார்த்தார். வந்த கோபத்தில் நான் நிற்பதையே மறந்து, நேராக அவளிடமே பேசிவிட்டார்.

"இதெல்லாம் துருக்கிக்காரங்க கட்டினதும்மா. ஏசு பொறந்து ஆயிரத்தைந்நூறு வருசம் கழிச்சித்தான் அவங்க அந்த ஊருங்களப் புடிச்சாங்க. எங்க ஜெயிச்சாலும் மேட்டுமேல இப்படி உருண்டைக் கூரையும் ஊசிக் கோபுரமும் எழுப்பிடுவாங்க. அழகாத்தான் கட்டுவாங்க. ஆனா தூரத்துல வந்துகினு இருக்கறவனுக்கே இது இப்ப யாரு ஊருன்னு தெரியணும், அதுக்குத்தான். ஏசு பொறக்க சொல்ல இது ஏது?"

சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு கோபுரத்தைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பக்கத்துக் கோபுரமும் சாய்ந்தது.

"அவங்க வர்றதுக்கு முன்னாடி அங்க என்னா இருந்திச்சி பாவா? சொல்லுங்க, அதையே வெச்சிடறேன்."

நைனா காலண்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரித்திரத்தில் அவர் திணறி நான் பார்த்தது அன்றுதான்.

சித்தி சன்னலுக்கு வெளியே கோயில் மலையைப் பார்த்தாள். "நம்ம மலையக்கூட கோபுரம் இல்லாம நெனச்சிப் பாக்க வரல. மேல ஒண்ணக் கட்டிட்டா, முன்னாடி இருந்தத யாரு கேக்கறாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நைனாவும் சன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பிறகு, "எடுக்காதம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றவர், சித்தியின் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். நிற்கவே இல்லை அழுகை. நைனாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கோபுரம் சாய்ந்ததற்கா இவ்வளவு அழுகை என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. சமையலறைக்கு ஓடி, மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சித் தரும்படி அம்மாவை நச்சரித்தேன்.