ஃப்ரிட்ஜில் இருந்த அந்த ஊர்த் தண்ணீர்

என் மகள் சுரங்கத்துக்குப் போய்வர ஆரம்பித்ததிலிருந்து நான் அவளைச் சந்தேகப்படத் தொடங்கினேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் அடையாற்றில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். பெரிய திட்டங்கள் வரும் இடங்களில் காற்று, மண், தண்ணீர் ஆகியவற்றைச் சோதித்து அறிக்கை எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். தெற்கே, பேருந்தில் ஐந்து மணி நேரத் தொலைவில், ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை விரிவாக்கப் போகிறார்கள் என்று அவளை மாதம் இரண்டு முறை அங்கே அனுப்பினார்கள். சுரங்கம் என்றதும் நான் இருட்டுக் குகையை நினைத்துக்கொண்டேன். அவள் கைபேசியில் படம் காட்டினாள். குகை எதுவும் இல்லை. வயலும் வீடும் இருந்த தரையை அப்படியே வாரி எடுத்துவிட்டு, கீழே கிடக்கும் கரியை வெட்டுகிறார்கள். மயிலாப்பூரைக் குளத்தோடும் கோபுரத்தோடும் உள்ளே இறக்கினாலும் பள்ளம் பாதிகூட நிறையாது. அந்தப் பள்ளத்தில் நீர் ஊறி நிற்காமல் இருக்க இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்கிறார்களாம். அதனால் சுற்று ஊர்களில் கிணறுகளின் நீர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது என்றாள்.

வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அபிராமபுரத்தில் பழைய அடுக்ககம் ஒன்றில் இரண்டாவது மாடி. அவள் ஊரிலிருந்து திரும்பினால் சட்டைக் காலரில் பழுப்புத் தூசி படிந்திருக்கும். துவைக்கப் போடும் முன் அதை முகர்ந்து பார்ப்பேன். பால்கனிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் யாருடனோ பேசுவாள். நான் பக்கத்தில் போனால், "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாள். ஒரு முறை அவள் குளிக்கும்போது பையைத் திறந்துகூடப் பார்த்தேன். வரைபடங்களும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. அங்கே யாரோ ஒருவன் இருக்கிறான் என்ற என் சந்தேகம் போகவில்லை.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் மாடவீதியில் காய் வாங்கிக்கொண்டு வந்தேன். மாடி ஏறியதில் கண் இருட்டியது. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவில் குளிர்பானம் வந்த பச்சை பாட்டில் ஒன்று, நிறையத் தண்ணீரோடு. ஒரே மூச்சில் குடித்தேன். லேசாகத் துரு வாடை. பாட்டிலின் வாடை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பாட்டிலைக் காலி செய்தவர்தான் நிரப்பி வைக்கவேண்டும். லாரியும் கேனுமாக வாழும் எந்த வீட்டிலும் அப்படித்தான். அலசினேன், கேன் தண்ணீரை நிரப்பினேன், எடுத்த இடத்தில் வைத்தேன். கதவடியில் ஈரத்தில் உரிந்து விழுந்த ஒரு துண்டு டேப் கிடந்தது. மாவு பாக்கெட்டில் ஒட்டியிருந்தது போலும் என்று குப்பையில் போட்டேன். திங்கட்கிழமை அவள் அந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனதை நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"மாத்திட்டாங்கம்மா."

"என்னத்த மாத்திட்டாங்க?"

"தண்ணிய."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சோதனைக்கு எந்தெந்தக் கிணறு என்று அலுவலகம் ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. பள்ளத்துக்கு மிக அருகில் வசிக்கும் ஓர் அம்மாளின் போர் கிணறு அதில் இல்லை. அந்த அம்மாள் தானாகவே ஒரு பச்சை பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடிவந்து இவள் கையில் கொடுத்திருக்கிறாள். பால்கனியில் இவள் பேசியதெல்லாம் அவளோடுதான். மற்ற மாதிரிகளோடு அதையும் ஆய்வகத்தில் சேர்த்துவிட்டாள் என் மகள். பக்கத்துக் கிணறுகள் இரண்டும் மோசம் என்று வந்தன. இது மட்டும் உப்பே இல்லாத சுத்தத் தண்ணீர் என்று வந்தது.

"எங்க மேனேஜர் எல்லார் முன்னாடியும் கேக்கறாரும்மா, இது கேன் தண்ணியாச்சே, ஊருக்கே போகாம லாட்ஜ்ல உக்காந்து ரொப்பிட்டு வந்தியான்னு. நீங்கதான் மாத்தியிருக்கீங்கன்னு நானும் சொல்லிட்டேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் ஃபிராடு. அது நான் இல்ல."

நான் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன்.

"எந்த பாட்டில்?"

"பச்சை பாட்டில்மா. டேப்ல எழுதி ஒட்டி நம்ம ஃப்ரிட்ஜ்லதானே வெச்சிருந்தேன். நீ தொடலையே?"

"நான் ஏண்டி தொடப்போறேன்?"

ஐம்பத்திரண்டு வயதான எனக்கு, பெற்ற பெண்ணிடம் அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது.

பிறகு நாலு நாள் மௌனமாக இருந்தேன். அவள் தன் மேனேஜர் மீது மேலிடத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தாள். அனுப்பினால் வேலை போய்விடும் என்று தெரியும். போகட்டுமே என்றுதான் நினைத்தேன். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் அவள் இனி நிற்கவேண்டாம், அந்தப் பேருந்துப் பயணம் வேண்டாம். அவளை ஃபிராடு என்று சொல்லி வெளியே அனுப்புவார்கள் என்பதை நினைக்காமல் இருக்கப் பழகினேன். நடுவே என் உடம்பையும் சந்தேகப்பட்டேன். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். மோர் சாதம் தவிர எதுவும் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கைபேசி விடாமல் அடித்தது. எடுத்தேன்.

"ஏம்மா, நான்தான், பச்ச பாட்டில்ல தண்ணி குடுத்தன்ல."

"அவ குளிக்கிறா. நான் அவ அம்மா."

"அம்மாங்களா? நல்லாருக்கீங்களா? எங்க போரு தண்ணி சுத்தம்னு வந்துடுச்சாமே! உங்க பொண்ணு ஆபீசு ஆளு ஒருத்தரு வந்து சொல்லிட்டுப் போனாரு. எம்பொண்ணுக்கு ஏழாம் மாசம். இந்தத் தண்ணிக்குப் பயந்துகிட்டுதான் அழைக்காம இருந்தேன். வர்ற வெள்ளிக்கெழம வளகாப்பு பண்ணி வூட்டுக்குக் கூட்டியாந்துடலாம்னு..."

"குடிக்காதீங்க," என்றேன்.

"யாரும்மா நீங்க? நெசமாவே அவுங்க அம்மாதானா?"

"சத்தியமா அம்மாதாங்க. சோதனை பண்ணது உங்க தண்ணி இல்ல. உங்க தண்ணிய நான் குடிச்சிட்டேன். குடிச்சிட்டு எங்க கேன் தண்ணிய ரொப்பி வெச்சிட்டேன்."

"குடிச்சிட்டீங்களா? முழுசுமா?"

"முழுசும்."

"நல்ல ஆளும்மா நீங்க! நாங்களே காய்ச்சி வடிகட்டித்தான் குடிக்கிறோம்."

திரும்பினால், தலையில் துண்டோடு என் மகள் நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை. கைபேசியை வாங்கி, வேறு தண்ணீர் எடுக்கத் தானே வருவதாக அந்த அம்மாளிடம் சொன்னாள். "வாணாம்மா, நானே எடுத்துக்கிட்டு வரேன்" என்ற பதில் எனக்கும் கேட்டது. அதன் பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தாள். "நடந்தத எழுது. கையெழுத்துப் போடு." எழுதினேன். மறுநாள் அதை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, அவரைச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். அவர் பதிலுக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

புதன்கிழமை அந்த அம்மாள் வந்தாள். ஆய்வகத்துக்கு ஆட்டோவில் அழைத்துப்போகும் வேலை எனக்கு. அடையாறு பேருந்து நிலையத்தில், ஐந்து லிட்டர் கேனை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு இறங்கினாள். மூடியைச் சுற்றி நூல் கட்டி, அதன்மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

"வாணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. நானே தூக்கிக்கறேன்."

ஆட்டோக்காரர் கேனைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாக்கா, மெட்ராஸுக்கே தண்ணி எத்துகினு வந்துகீற? லாரி ஸ்ட்ரைக்கா?"

"ஒரு வாய் குடிச்சிப் பாக்கறியா தம்பி?"

"ஐய, இன்னா கீது அதுல?"

"அதத் தெரிஞ்சிக்கத்தான் வந்திருக்கேன். இந்தம்மா குடிச்சிப்புட்டுதான் எனக்கு இந்த அலைச்சல்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாலத்தைத் தாண்டும்போது அவள் பேச ஆரம்பித்தாள். போரை இரண்டு தடவை ஆழப்படுத்தியாகிவிட்டது. வெள்ளைத் துணி துவைத்தால் மஞ்சளாகிறது. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். சுரங்கத்துக்காரர்கள் மண்ணின் குணம் என்கிறார்கள். ஊரில் சிலர், "நெலத்த எடுத்துக்கிறப்ப கூடுதலா கேக்கத்தானே இவ்ளோவும் சொல்ற?" என்று அவளையே கேட்கிறார்களாம். "நீங்க எந்தப் பக்கம்னும் எனக்குத் தெரியலம்மா," என்றாள். ஆய்வகத்தில் தன் கண் முன்னால் மெழுகை உடைத்த பிறகுதான் கேனை விட்டாள்.

முடிவு அடுத்த வாரம் வந்தது. குடிக்க உகந்ததல்ல. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கண்டிப்பாகக் குடிக்கக் கூடாது. சுரங்கத்தால் வந்ததா, மண்ணின் குணமா என்று அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. என் மகள் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். அந்த அம்மாளின் மருமகன் வீடும் அதே பள்ளத்துக்கு மறுபக்கம்தான். அவள் கேட்டாள்: "சென்னையில ஒரு ரூமு கெடைக்குமா? பிரசவம் முடியற வரைக்கும்?"

அதைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் என்னைத் தானே கூட்டிப்போனாள்.

நேற்று ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி அறையைப் பார்த்தேன். காற்றோட்டமாக இருந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டேன். வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன பேரு?"

"ரெண்டு பேர் சார். அம்மாவும் பொண்ணும். பொண்ணு மாசமா இருக்கா."

"அப்ப மூணுன்னு சொல்லுங்க. கொழந்த துணி தொவைக்கவே எவ்ளோ தண்ணி ஆகும் தெரியுமா? நாங்க லாரி தண்ணி வாங்கறோம் மேடம்."

கதவைச் சாத்திக்கொண்டார். நாளை மந்தைவெளியில் ஒரு வீடு பார்க்கப் போகிறேன். எத்தனை பேர் என்று கேட்டால் மூன்று பேர் என்றே சொல்லப்போகிறேன்.