கண்பட்டையின் இடுக்கு

நான் சொன்ன பொய்யை நம்பி என் நண்பன் பெலிக்ஸ் செத்துப்போனான். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... முகம் தெரியாதவர் என்பதால் துணிவு வந்ததோ என்னவோ!

நாங்கள் இருவரும் ராயபுரத்துக்காரர்கள். நான் துறைமுகத்தில் எழுத்தர்; அவன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவன் வீட்டில் எல்லாருக்கும் கடல்தான் தொழில். எழுபதுகளின் தொடக்கம் அது. பறக்கும் கழகம் ஒன்றில் சேர்ந்து இருவரும் தனியார் விமானி உரிமம் வாங்கிவிட்டோம். "நம்ம பேட்டையில ரெண்டு பைலட்டு கீது மாமு!" என்று டோல்கேட் வரை சொல்லித் திரிந்தான் அவன்.

அடுத்த படி, வெளியே ஒன்றும் தெரியாத மேகத்திலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதி. பயிற்சியின்போது நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிவிடுவார்கள். ஜட்கா குதிரைக்குக் கட்டுவார்களே, அதுபோல... நாங்கள் அதைக் கண்பட்டை என்றே சொல்வோம். சன்னல் தெரியாது, கருவிகளின் முள்ளும் எண்ணும்தான் தெரியும். பக்கத்தில் பயிற்சியாளர் வெளியே பார்த்துக்கொண்டு வருவார்.

எனக்கு அது வரவில்லை. ஐயோ, சுத்தமாக வரவில்லை! விமானம் சாய்ந்திருக்கிறது என்று முள் சொல்லும். நேராகத்தான் போகிறது என்று என் உடம்பு சத்தியம் செய்யும். வெளியே பார்க்க முடியாதபோது உடம்பு பொய் சொல்லும், முள்ளை நம்பு... இதுதான் அந்தப் பயிற்சியின் முதல் பாடமும் கடைசிப் பாடமும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்பட்டையின் இடது ஓரத்தைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன். நூலளவு இடுக்கு! கரையோரமாக வடக்கே போகும்போது அதில் எண்ணூர்ப் புகைபோக்கிகள் தெரியும். திரும்பி வரும்போது கடலும் வானும் சேரும் கோடு தெரியும். அது சாய்ந்தால் நான் விமானத்தைச் சரிசெய்வேன். "பிரமாதம்!" என்றார் பயிற்சியாளர். வெட்கமாக இருந்ததா? இல்லை. பெருமையாக இருந்தது!

பெலிக்ஸும் என்னைப் போலவே திணறினான். திட்டு வாங்கினான். இந்தத் தகுதி கிடைத்தால் விமானி வேலைக்கு முயலலாம், பட்டறையை விட்டுவிடலாம் என்று, தன்னை வளர்த்த மேரியக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மெய்யா சொல்லு மாமு. நீ மட்டும் எப்டி நேரா வுட்டுகினு போற? இன்னா வித்தை அது?"

எட்டிப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். "கேடி!" என்று முதுகில் ஓர் அறை விட்டுச் சிரித்திருப்பான்... அவ்வளவுதானே? ஆனால் அவன் கண்ணுக்கு நான் பெரிய ஆள். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

"முள்ளையே மொறைச்சிகினு இருக்காதடா. உடம்பு சொல்றதக் கேளு. கட்டுமரத்துல கண்ண மூடிகினு குந்தினாலும் எந்தப் பக்கம் சாயுதுன்னு உனக்குத் தெரியாதா?"

வேறொருவன் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். கடற்காரன் மகனிடம் போய்ச் சொன்னேனே! சிறு வயதிலிருந்து அலையில் அவனைக் காப்பாற்றி வந்தது அந்த உடம்புதான். "அட, ஆமா இல்ல!" என்றான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் தனியாக வடக்கே பறந்துபோய்த் திரும்பி வந்துகொண்டிருந்தான். எண்ணூருக்கு மேலே மேகம் இறங்கிவிட்டது. தகுதி பெறாதவன் வந்த வழியே திரும்பிப் போயிருக்க வேண்டும். அவன் உள்ளே நுழைந்தான். வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்களாம். மேகத்திலிருந்து சுற்றிக்கொண்டே வந்து கடலில் விழுந்ததாம்... நேராகப் போகிறோம் என்றுதான் கடைசிவரை நினைத்திருப்பான்.

கல்லறையில் பயிற்சியாளர் கலங்கி நின்றார். "எவ்வளவு சொன்னேன்! அவன் கருவியை நம்பவே இல்லையே" என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்! மறுமாதம் அதே கண்பட்டையோடு தேர்வுக்குப் போய்த் தேறியும் வந்தேன். ஆனால் எந்த மேகத்துக்குள்ளும் ஒருநாளும் நுழைந்ததில்லை.

தெரியாமல் சொன்ன சொல் என்பீர்களா? எனக்கா தெரியாது? உடம்பு பொய் சொல்லும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அதனால்தானே எட்டிப் பார்த்தேன்!

அன்று அடக்கம் முடிந்து அவன் வீட்டுக்குப் போனபோது மேரியக்கா என் தலையைத் தடவினார். "'இப்பதான்க்கா எனக்குப் புரிஞ்சிச்சு, அவன்தான் கத்துக்குடுத்தான்'னு அவ்ளோ சந்தோசமா சொல்லிகினு இருந்தான் நைனா. நீ நல்லா இருக்கணும்."

"சரிக்கா" என்றேன்.

இப்போதும் கல்லறைத் திருநாள்தோறும் அவர் மெழுகுவர்த்தியை என் கையில்தான் கொடுக்கிறார். "நீ ஏத்து நைனா. உன் தோஸ்து" என்கிறார்.

நானும் ஏற்றுகிறேன்.